‘சொன்னால் கேட்காத’ பிள்ளை: தோட்டப் பாடசாலை ஒன்றில் தாமதமாகத் தெரியவந்த செவிப்புலக் குறைபாடு

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தில், ஹற்றனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து மேலே ஏறிப்போகும் ஒரு தோட்டத்தில் எங்கள் பாடசாலை இருக்கிறது. நான் அங்கே ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பாடசாலைச் சுகாதாரப் பொறுப்பும் என்னிடம்தான். மாணவனின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்து, வீட்டாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

ஆரம்பப் பிரிவுக்கு ஒரே நீளமான மண்டபம். தரம் 2, 3, 4 மூன்றும் அதற்குள்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் சுவர் கிடையாது, அலுமாரிகளைத் திருப்பி வைத்திருக்கிறோம். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் நம் வகுப்பில் பாட்டு நின்றுவிடும். மேலே தகரக் கூரை. வைகாசி முடிந்து தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் புரட்டாதி வரைக்கும் அந்தத் தகரத்தில் மழை கொட்டாத நாள் குறைவு.

பாடசாலை வைத்திய பரிசோதனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் தொகை இருநூறுக்குக் குறைவாக உள்ள பாடசாலைகளில் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். இருநூறைத் தாண்டினால் தரம் 1, 4, 7, 10 மட்டும். எங்களிடம் 260 பேர் அளவில் இருக்கிறார்கள். அதனால் தரம் 1இல் ‘குறையில்லை’ என்று எழுதப்பட்ட ஒரு பிள்ளையை அடுத்ததாகப் பார்ப்பது தரம் 4இல்தான். நம் மாணவன் அந்த இடைவெளிக்குள் இருந்தான்.

அவனுக்கு அப்போது எட்டு வயது, தரம் 3. அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) அம்மாயியும் (அம்மாவின் அம்மா), தரம் 8இல் படிக்கும் அக்காவும், இவனும். அம்மாயி வயது முடிந்து சேமலாப நிதியும் வாங்கிவிட்டார். ஆனாலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறார்.

முதலில் கண்டதும், தவறாக விளங்கிக்கொண்டதும்

முதலாம் தவணையில் அவனைப் பற்றி நான் எழுதிய குறிப்பு இன்னும் தேர்ச்சி அறிக்கையில் இருக்கிறது: “கவனக்குறைவு. சொன்னால் கேட்பதில்லை.” இரண்டாவது வாக்கியம் ஒருவகையில் முழு உண்மைதான். நம் மொழியில் ‘கேட்பது’ காதின் வேலையும்தான், பணிவும்தான். நான் இரண்டாவது அர்த்தத்தில் எழுதினேன்.

எழுந்து நிற்கச் சொன்னால் மற்றவர்கள் எழும்பிய பிறகுதான் எழும்புவான். கேள்வி கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான், திமிர் என்று நினைக்கத் தோன்றும். சில நாள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்வான், சில நாள் மரம் மாதிரி இருப்பான். இந்த ஏற்ற இறக்கம்தான் என்னை ஏமாற்றியது. காது கேட்காத பிள்ளை என்றால் எப்போதும் கேட்காது என்று நினைத்திருந்தேன். ‘நேற்றுக் கேட்டவனுக்கு இன்றைக்கு ஏன் கேட்கவில்லை, நடிக்கிறான்’ என்பதுதான் என் கணக்கு. சளி பிடிக்கும்போது கூடுவதும் விடும்போது குறைவதுமான குறைபாடு சிறு பிள்ளைகளுக்குச் சாதாரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

பெப்ரவரியில் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, “மிஸ், அவன்கிட்ட நாத்தம் அடிக்குது” என்றார்கள். குளிக்காமல் வருகிறான் என்று நினைத்து, சண்டை வரக்கூடாதென்று அவனைக் கடைசி வாங்கில் ஜன்னலோரமாகத் தனியே உட்கார வைத்தேன். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. இந்த நிகழ்வில் நான் எடுத்த முதல் தீர்மானம் இதுதான், முழுக்கப் பிழையானதும் இதுதான். மார்ச் 3ஆம் திகதி உலக செவிப்புலன் தினத்துக்கு நாங்கள் ஒட்டிய சுவரொட்டி அந்த ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது.

இரண்டு கொப்பிகள்

மே மாதம் தவணைப் புள்ளி போடும்போது அவனுடைய இரண்டு கொப்பிகள் தற்செயலாக என் மேசையில் பக்கம் பக்கமாகத் திறந்து கிடந்தன. ஒன்று கரும்பலகையைப் பார்த்து எழுதும் கொப்பி, மற்றது சொல்வதெழுதல் கொப்பி.

பார்த்தெழுதியதில் ஒரு பிழையும் இல்லை. கொம்பு, கால், சுழி எல்லாம் அச்சுப்போல. அந்த வகுப்பிலேயே நல்ல கையெழுத்து அவனுடையது. சொல்வதெழுதலில் பத்துக்கு மூன்று. அந்தப் பிழைகளைச் சிவப்பால் வட்டம் போட்டுப் புள்ளி குறைத்தது நானேதான், ஆனால் அவை எந்த மாதிரியான பிழைகள் என்று அன்றுதான் பார்த்தேன். ‘மரத்தில்’ என்பதற்கு ‘மரத்து’ என்று எழுதியிருந்தான். ‘வந்தான்’ என்பது ‘வந்தா’. ‘கடைக்குப் போனாள்’ என்பது ‘கடை போனா’. சொல்லின் தலை சரியாக இருந்தது, வால் இல்லை. நாம் பேசும்போது சொல்லின் கடைசியில்தான் குரலை இறக்குகிறோம். தமிழில் யார், எங்கே, யாருக்கு, எப்போது என்பதெல்லாம் அந்தக் கடைசி எழுத்துகளில்தான் இருக்கிறது. எழுதத் தெரியாத பிள்ளை என்றால் இரண்டு கொப்பியிலும் பிழை இருக்க வேண்டும்.

மறுநாள் அவன் பக்கத்தில் குனிந்து நின்றேன். இடது காதின் மடலில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. வாசலில் ஒரு பஞ்சுத் துணுக்கு, ஈரமாக. நாற்றமும் அங்கிருந்துதான்.

பாடசாலையில் செய்த முதல் பரிசோதனை

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய கிசுகிசுப்புப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதைச் சரியாகச் செய்யும் முறையைப் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எனக்குக் காட்டித்தந்தார். பிள்ளையின் பின்னால், கை நீட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். வாய் தெரியக்கூடாது. சோதிக்காத காதின் முன்னால் இருக்கும் சின்ன மேட்டை விரலால் அழுத்தி மெல்ல உருட்ட வேண்டும், அப்போதுதான் அந்தக் காது உதவிக்கு வராது. மூச்சை முழுதாக வெளியே விட்டு, மிச்சக் காற்றில் எண்ணும் எழுத்தும் கலந்து மூன்று சொல்ல வேண்டும், ‘நான்கு, க, ஏழு’ என்பது போல. தவறினால் வேறு மூன்று. ஆறில் குறைந்தது மூன்றைச் சரியாகத் திருப்பிச் சொன்னால் அந்தக் காது தேறியது.

வலது காதில் ஆறில் இரண்டு சொன்னான். இடது காதில் நான் பேசி முடித்ததே அவனுக்குத் தெரியவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தான்.

தரம் 1இல் இவன் எப்படித் தேறினான் என்று நானும் பரிசோதகரும் பேசிப் பார்த்தோம். பதிவில் இருந்தது ஒரு சரி அடையாளம் மட்டும். அன்றைக்கு உதவிக்கு நின்ற ஆசிரியைக்கு நினைவிருந்தபடி, பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் பெயரைக் கேட்டார்கள். இவனுக்கு உதட்டைப் பார்த்துப் பிடிக்கத் தெரியும், அதோடு ‘உங்க பேர் என்ன’ என்ற கேள்வியை யாரும் கேட்காமலே ஊகிக்கலாம். அன்றைக்குக் காது காய்ந்தும் இருந்திருக்கும். ஒரு காலையில் நூறு பிள்ளைகளின் பல், கண், தோல், நிறை எல்லாம் பார்க்க வேண்டிய குழுவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ‘தேறினான்’ என்று ஒருமுறை எழுதியதும் எங்களில் யாரும் மறுபடி சந்தேகப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மழை நாள்

இவனை மட்டும் அனுப்பிவிடாமல் வகுப்பு முழுவதையும் பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தோம். ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டால் ‘செவிடு’ என்ற பெயர் அன்றைக்கே லயம் முழுக்கப் போய்விடும் என்பது ஒரு காரணம். இவனைத் தவறவிட்ட கண்கள் வேறு யாரையும் தவறவிட்டிருக்காதா என்பது மற்றது. சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம் ஊடாகக் கடிதம் போய், ஜூன் நடுப்பகுதியில் கேட்டல் பரிசோதனை செய்பவர் ஒருவர் கேட்கும் திறனை அளக்கும் கையடக்கக் கருவியான ஒடியோமீற்றருடன் வந்தார்.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு புளியங்கொட்டை. சத்தம் கேட்கும்போதெல்லாம் கொட்டையை டப்பாவில் போட வேண்டும். 1000, 2000, 4000 ஹேர்ட்ஸ் ஒலிகள், 25 டெசிபல் அளவில். 500ஐச் சோதிக்கவில்லை. தாழ்ந்த சுருதி ஒலிகளைத்தான் அறையின் இரைச்சல் முதலில் விழுங்கும் என்றார்.

முதல் ஆறு பேரும் தேறினார்கள். ஒன்பதரைக்கு மழை. தகரத்தில் முதலில் தனித்தனித் துளி, பிறகு ஒரே இரைச்சல். அதற்குப் பிறகு வந்த எட்டுப் பேரில் ஆறு பேர் தவறினார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது, இத்தனை பிள்ளைகளுக்கா என்று. வந்தவர் பதறவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றித் தன் காதில் போட்டுக்கொண்டு அதே ஒலியைப் போட்டுப் பார்த்தார். “எனக்கே கேக்கல்ல மிஸ், பிள்ளைக்கு எப்பிடிக் கேக்கும்?” என்று கருவியை மூடினார்.

இங்கே ஒரு வாக்குவாதம் நடந்தது. அவர் மறுபடி வர எப்போது திகதி கிடைக்குமோ தெரியாது, எனவே தவறியவர்கள் எல்லாரையும் கிளினிக்குக்கு அனுப்பிவிடலாம் என்றார் அதிபர். அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஆறு பேரில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமில்லை என்றால், ஆறு வீடுகளில் ஆறு பேர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏறி, ‘ஒண்ணுமில்ல, போங்க’ என்று திரும்பி வருவார்கள். அடுத்த முறை உண்மையாகவே ஒரு பிள்ளைக்குக் கிளினிக்குக்குப் போகத் துண்டு எழுதிக் கொடுத்தால் யாரும் போகமாட்டார்கள். இந்தக் காரணத்துக்காக அன்றைய முடிவுகளை வைத்துக்கொள்ளாமல் விட்டோம்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இம்முறை இடம் மண்டபமல்ல. பழைய கற்கட்டடத்தில் அதிபரின் அறை, மேலே ஓட்டுக் கூரை, அதற்குக் கீழே பலகைத் தட்டு. ஜன்னலில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டோம். தரையில் தேயிலைச் சாக்கை விரித்தோம். ஏழரைக்கே தொடங்கினோம், எங்கள் பக்கம் மழை பிடிக்குமுன் கிடைக்கும் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிக்க. வகுப்பில் 27 பேர். தவறியவர்கள் நான்கு பேர். மழை நாளில் தவறிய ஆறு பேரில் ஐந்து பேர் இம்முறை தேறினார்கள்.

துண்டு கொடுத்த பிறகு

நான்கு பேருக்கும் வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. சுகாதாரப் பதிவேட்டில் ‘அனுப்பிய திகதி’ என்ற கட்டத்தை நான்கு பேருக்கும் நிரப்பினேன். அந்தப் பதிவேட்டில் அதற்கு அடுத்த கட்டம் ஆசிரியரின் கையொப்பம். போனார்களா என்று எழுத இடமே இல்லை.

ஐந்து வாரம் கழித்து அவனுடைய காதில் அதே ஈரப் பஞ்சு. துண்டு எங்கே என்று கேட்டேன். சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்றான்.

அன்று பின்னேரம் லயத்துக்குப் போனேன். அம்மாயி அப்போதுதான் மலையிலிருந்து வந்து, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து காலில் கடித்த அட்டையை உப்புப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் போகவில்லை என்று நான் கேட்ட தொனி சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

“காது வடியிறது அவனுக்குக் கைப்பிள்ளையிலேர்ந்து இருக்கு மிஸ். அவங்க அம்மாவுக்கும் இருந்துச்சு, பெரிய பிள்ளையானதும் நின்னுருச்சு. நா பூண்டு காய்ச்சின எண்ணெ விட்டுக்கிட்டுத்தான் வாரேன்.”

“எண்ணெ விட வேணாம் அம்மாயி. உள்ளுக்க சவ்வு ஓட்டையா இருந்தா அது அப்பிடியே உள்ள போகும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகுதான் மற்றக் காரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. துண்டு ஆங்கிலத்தில் இருந்தது, யாராலும் வாசிக்க முடியவில்லை. காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நம்பர் எடுக்கலாம். அவருக்குச் சிங்களம் வராது, போன வருடம் தன் பிரஷருக்குப் போனபோது எந்த வரிசையில் நிற்பதென்று தெரியாமல் பகல்வரை நின்றிருக்கிறார். ஒருநாள் போனால் அன்றைய கைக்காசு இல்லை. கடைசியாக, குரலைத் தாழ்த்தி, “காதுல கொறையின்னு எழுதிட்டா இவன அந்த ஊமப் பிள்ளைங்க படிக்கிற போர்டிங்குக்கு அனுப்பிருவாங்கதானே மிஸ்?” என்றார். ஐந்து வாரம் அந்தத் துண்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது இந்தப் பயம்தான். நாங்கள் யாரும் அவரிடம் அப்படியொன்று நடக்காது என்று சொல்லியிருக்கவில்லை.

தீர்மானம் எளிமையானது. கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்திருக்கும் சித்தி ஒருவர் அடுத்த லயத்தில் இருந்தார், சிங்களம் சரளமாகப் பேசுவார். அவர் கூடப் போவது. துண்டோடு சேர்த்து, எங்கே இறங்குவது, எந்தக் கட்டடம், என்ன கேட்பார்கள் என்று தமிழில் ஒரு கடதாசி. நான் ஒருநாள் லீவு போட்டுக் கூடப் போகலாமா என்றும் யோசித்தேன், அப்புறம் வேண்டாமென்று விட்டேன். ஒருமுறை நான் கூட்டிப்போனால் ஒவ்வொரு முறையும் எனக்காகக் காத்திருப்பார்கள். இந்த வகைக் காதுக்கோ பல தடவை போக வேண்டியிருக்கும்.

கிளினிக்கில்

ஓகஸ்ட் முதல் வாரத்தில் போனார்கள். சித்தி கிளினிக் கொப்பியை என்னிடம் கொண்டுவந்து காட்டியதை வைத்து எழுதுகிறேன்.

இடது காதில் செவிப்பறையின் நடுவில் பெரிய துவாரம், சீழ். இரண்டு வாரத்துக்கு மேல் துவாரத்தின் வழியே வடிந்துகொண்டிருந்தால் அது நாட்பட்ட நடுக்காது அழற்சி, இவனுக்கோ வருடக்கணக்கு. வலது காதில் குறும்பியும் எண்ணெயும் சேர்ந்து அடைத்திருந்தது. அதை எடுத்தபோது சவ்வு முழுதாக இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. மூக்கின் பின்பகுதியையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு பிள்ளைகளுக்குக் கட்டையாகவும் கிடையாகவும் இருக்கும். சளி பிடித்தால் அது சுலபமாக அடைபடும். விறகுப் புகை நிறைந்த சின்னக் காம்பராவில், வருடத்தில் பாதி நாள் பனியும் குளிருமாக வளரும் பிள்ளைகளுக்குச் சளி விட்ட நாள் எது?

கேட்டல் அளவு, அதாவது காதுக்குக் கேட்கத் தேவைப்பட்ட மிகக் குறைந்த சத்தம், வலது காதில் சராசரி 36 டெசிபல், இடதில் 48. எண் கூடினால் குறைபாடும் கூட. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட தரப்படுத்தலில், இரண்டில் நன்றாகக் கேட்கும் காது 35 முதல் 50க்குக் கீழ் வரை இருந்தால் நடுத்தரக் குறைபாடு. எலும்பு வழியாகக் கொடுத்த ஒலியை மட்டும் இரண்டு பக்கமும் சரியாகக் கேட்டான். அதாவது உட்காதும் நரம்பும் நல்ல நிலையில் இருக்கின்றன, சத்தம் அங்கே போய்ச் சேரும் வழியில்தான் தடை. “நரம்பு நல்லா இருக்காம் மிஸ்” என்று சித்தி சொன்னபோது அம்மாயி பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். போர்டிங் பேச்சு அதோடு போயிற்று.

காதை உறிஞ்சிச் சுத்தம் செய்து, சிப்ரோஃப்ளொக்சசின் சொட்டு மருந்து இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்த பழைய சொட்டு மருந்துப் போத்தலையும் சித்தி கொண்டுபோயிருந்தார், பக்கத்து வீட்டில் யாருக்கோ கொடுத்ததில் மிச்சம். அது ஜென்டமைசின். துவாரமுள்ள காதில் அந்த வகை மருந்து உட்காதையே பாதிக்கக்கூடும் என்று சொல்லி அங்கேயே குப்பையில் போட்டுவிட்டார்களாம். வலது காதுக்கு மருந்து எதுவும் இல்லை. தேங்கிய நீர் பல பிள்ளைகளுக்குத் தானாக வற்றிவிடும், மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்ப்போம் என்றார்கள்.

பீலியும் பஞ்சும்

மருந்தை விட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். சீழ் நிறைந்த காதில் விட்ட சொட்டு சீழின் மேல் மிதந்து வெளியே வந்துவிடும். முதலில் காதை உலர்த்த வேண்டும். எங்கள் பிரிவின் மருத்துவிச்சி லயத்துக்கு வந்து செய்து காட்டினார். சுத்தமான பருத்தித் துணித்துண்டைத் திரி மாதிரி முறுக்கி, காதுக்குள் வைத்து, ஈரம் ஏறியதும் எடுத்து வேறு திரி. காய்ந்த திரி காய்ந்தே வெளியே வரும்வரை. பிறகு சொட்டை விட்டு, காதின் முன்மேட்டை நாலைந்து தடவை அமுக்கினால் மருந்து உள்ளே இறங்கும். நெருப்புக்குச்சி, ஊசி, கோழி இறகு எதுவும் கிட்ட வரக்கூடாது. பஞ்சை நாள் முழுக்க அடைத்து வைப்பதும் கூடாது, அதற்குள்தான் கிருமி வளரும்.

யார் செய்வது? அம்மாயி ஏழு மணிக்கு முன் மலைக்குப் போய்விடுவார். அவருக்குக் கண்ணும் சரியாகத் தெரியாது. ஆசிரியர்கள் மருந்து விடுவதை நாங்கள் ஏற்கவில்லை, ஏதாவது நடந்தால் பதில் சொல்ல முடியாது. அக்காவைத் தேர்ந்தெடுத்தோம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் இன்னொரு வேலையா என்று எனக்கு உறுத்தல் இருந்தது. அவள் மருத்துவிச்சி செய்ததை ஒருமுறைதான் பார்த்தாள், அடுத்த திரியை அவளே முறுக்கிவிட்டாள்.

குளியல்தான் பெரிய சிக்கல். இங்கே பிள்ளைகள் குளிப்பது பீலியில். மலையிலிருந்து குழாய் வழியாக வந்து கொட்டும் தண்ணீரின் கீழே தலையை நேராகக் காட்டி நிற்பார்கள், அதில் கிடைக்கும் குஷியே வேறு. துவாரமுள்ள காதுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. தலையை வாளித் தண்ணீரில் தனியாகக் கழுவுவது, அப்போது வஸலின் (Vaseline) பூசிய பஞ்சைக் காதின் வாயில் வைப்பது, முடிந்ததும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

காதின் பின்னால் வீக்கம், காய்ச்சலோடு கடும் தலைவலி, முகம் ஒரு பக்கம் இழுத்தல், தலைசுற்றல், இவற்றில் ஏதாவது கண்டால் கிளினிக் திகதி பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதை மருத்துவிச்சி அம்மாயியிடம் மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்.

வகுப்பறையில்

கடைசி வாங்கிலிருந்து முதல் வாங்குக்கு மாற்றினேன். அதிலும் முதலில் பிழை விட்டேன். கரும்பலகையைப் பார்த்து உட்காரும்போது வலப்பக்கச் சுவரோரம் இடம் கொடுத்தேன். அப்போது அவனுடைய நல்ல காது சுவரையும் கெட்ட காது வகுப்பையும் பார்த்தன. இரண்டு நாள் அவன் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பதைக் கண்டபிறகுதான் விளங்கியது. இடப்பக்க ஓரத்துக்கு மாற்றினேன்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசும் பழக்கத்தை விடத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. இருபது வருடப் பழக்கம். பின்வாங்குப் பிள்ளை சொல்லும் பதிலை நான் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். மழை கொட்டும்போது வாய்ப் பாடத்தை நிறுத்தி எழுத்து வேலைக்குப் போகிறேன், அந்த நேரம் கடைசி வாங்கில் யாருக்கும்தான் கேட்பதில்லை.

வகுப்பிடம் ‘நாற்றம்’ பற்றி ஒருமுறை பேசினேன். புண் வந்தால் மணக்கும், மருந்து போட்டால் போகும் என்று சொன்னேன். அதற்கு மேல் விளக்கவில்லை. அவனை முன்னால் வைத்துக்கொண்டு அதிகம் பேசுவதும் இன்னொரு தண்டனை.

பின்தொடர்ந்த மாதங்கள்

இரண்டு வாரத்தில் இடது காது காய்ந்தது. எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். ஓகஸ்ட் விடுமுறையில் அப்பா வந்தார், மகனைக் கூட்டிக்கொண்டு பீலிக்குப் போனார், செப்டெம்பரில் காது மறுபடி வடிந்தது. அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுபடி கிளினிக், மறுபடி இரண்டு வாரம். இம்முறை சித்தி இல்லாமல் அம்மாயியே தனியாகக் கூட்டிப்போய் வந்தார். எந்த வரிசை என்று இப்போது தனக்குத் தெரியும் என்றார்.

நவம்பரில் எடுத்த அளவில் வலது காது 22 டெசிபலுக்கு வந்திருந்தது, நீர் வற்றிவிட்டது. இடது காது காய்ந்திருக்கிறது, துவாரம் அப்படியே, 44. சவ்வை ஒட்டவைக்கும் சத்திரசிகிச்சை பற்றி இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு, காது தொடர்ந்து காய்ந்திருந்தால் தீர்மானிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சொல்வதெழுதலில் இப்போது பத்துக்கு ஆறு, ஏழு. வால்கள் வந்துவிட்டன. ஆனால் வாசிப்பில் இன்னும் வகுப்புக்குப் பின்னால்தான், இரண்டரை வருடத்தில் காதில் விழாமல் போன சொற்கள் மூன்று மாதத்தில் வந்துவிடாது. தரம் 5 புலமைப்பரிசில் பற்றி அப்பா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

மற்ற மூவரில் இருவருக்குக் குறும்பி அடைப்பு மட்டும், எடுத்ததும் சரியாயிற்று. நான்காவது பிள்ளை கிளினிக்குக்குப் போகவே இல்லை. குடும்பம் வேலை தேடிக் கொழும்புப் பக்கம் போய்விட்டது, புதுப் பாடசாலை எதுவென்று விடுகைப் பத்திரத்திலிருந்து தெரிந்தது. அந்த அதிபருக்குக் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை.

இனி மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

பதிவேட்டில் கையால் கோடு போட்டு இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறேன்: ‘போன திகதி’, ‘அடுத்த திகதி’. இரண்டு வாரத்தில் முதல் கட்டம் நிரம்பாவிட்டால் வீட்டுக்குப் போவது, கோபத்தோடு போகாமல் ஏன் என்று கேட்கப் போவது. ஆங்கிலத் துண்டோடு தமிழ்க் கடதாசி ஒன்றும் போகிறது.

வைத்திய பரிசோதனைக்கு முன் வீட்டுக்கு அனுப்பும் கடதாசியில் ‘பிள்ளைக்கு எப்போதாவது காது வடிந்திருக்கிறதா’ என்று ஒரு கேள்வி சேர்த்தோம். இவனுடைய அம்மாயியிடம் மூன்று வருடத்துக்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் கருவியே தேவைப்பட்டிருக்காது. சிறுவர் செவிப்புலக் குறைபாட்டில் ஏறத்தாழ 60 வீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காது வடிதல் அந்தக் காரணங்களில் ஒன்று, எங்கள் பக்கம் அதை யாரும் நோயாகக் கணக்கெடுப்பதில்லை. தரம் 2, 3, 5 பிள்ளைகளுக்குத் தவணைக்கு ஒருமுறை நாங்களே கிசுகிசுப்புப் பரிசோதனை செய்கிறோம், பின்னால் நின்று, மழையில்லாத காலையில், அதிபரின் அறையில்.

செய்ய முடியாததும் உண்டு. மண்டபத்தின் கூரைக்குக் கீழே தட்டுப் போடவும் வகுப்புகளுக்கு இடையில் சுவர் வைக்கவும் வலயக் கல்விக் காரியாலயத்துக்கு எழுதியிருக்கிறோம். முதலாம் தவணைத் தேர்ச்சி அறிக்கையில் நான் எழுதிய வாக்கியத்தை அழிக்க விதி இடம் கொடுக்கவில்லை. கீழே சிவப்பு மையால் ‘செவிப்புலக் குறைபாடு, சிகிச்சை பெறுகிறார்’ என்று எழுதித் திகதி போட்டிருக்கிறேன்.

அவனுடைய வரியில் ‘அடுத்த திகதி’ என்ற கட்டத்தில் பெப்ரவரி என்று இருக்கிறது. ‘போன திகதி’ இன்னும் காலி.